பதினான்கில் பத்தை அடித்துவிட்டேன்

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய எக்செல் ஷீட்டைப் பிரிண்ட் போட்டு, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறி, ஞாயிறு ராத்திரி திரும்புவதற்குள் மான்செஸ்டரில் 14 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரம், கலர், பக்கத்தில் டிக். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பத்தை அடித்துவிட்டேன். கோபப்படாதே. போனில் சொல்லலாம் என்றால் பாதியில் குட்டிப்பையன் அழுவான், நீ "அப்புறம் கூப்பிடுறேன்பா" என்பாய். அதனால்தான் கடிதம்.

போன தடவை லண்டனில் ஒரே நாளில் ஐந்து இடம் காட்டினாயே, அன்றைக்கு நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. உங்கம்மா காலையில் குடித்த காபியோடு சரி, ராத்திரி வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் பாத்ரூம் தேட வேண்டும், பேத்தி யாழினியின் சந்தோஷம் கெட்டுவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டாள். நீ கேட்டபோதெல்லாம் "எனக்கு ஒண்ணுமில்ல சாமி, நீங்க நடங்க" என்றாள். ராத்திரி அறைக்கு வந்து செருப்பைக் கழற்றினால், வார் பதிந்த இடம் பள்ளமாகவும் அதைச் சுற்றி மேடாகவும் கால் வீங்கியிருந்தது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இத்தனை நாள் காப்பாற்றிவிட்டேன், இப்போது உடைக்கிறேன்.

அதனால் இந்த முறை திட்டத்தை அவளுடைய முழங்காலிலிருந்து ஆரம்பி. இரண்டு வயதுப் பிள்ளையும் அவளும் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான் என்பதைக் கவனித்தாயா? இரண்டு பேருக்குமே ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கார வேண்டும், ஏதாவது கொறிக்க வேண்டும், பாத்ரூம் வேண்டும், மத்தியானம் ஒரு தூக்கம் வேண்டும். ஒருவருக்குச் சரியாகப் போட்டால் மற்றவருக்கும் சரியாகிவிடும்.

வீல்சேர் என்ற பேச்சை எடுக்காதே, எரிந்து விழுவாள். நானே ஒரு மடக்கு ஸ்டூல் வாங்கி வைத்திருக்கிறேன், எனக்கு முதுகுவலி என்று சொல்லி எடுத்து வருகிறேன். ரயில் நிலையத்தில் மட்டும் உதவிக்கு முன்பதிவு செய்துவிடு. பேசஞ்சர் அசிஸ்ட் என்று உங்கள் நாட்டில் ஒன்று இருக்கிறதே, ரயில் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை பதியலாம், காசும் கிடையாது. மான்செஸ்டர் பிக்கடிலி நிலையத்தில் இறங்கிவிட்டால் டிராம். அதன் நடைமேடை வண்டியின் தரை மட்டத்துக்கே இருக்கும், படி ஏறுகிற வேலை இல்லை. குட்டியின் தள்ளுவண்டியை அப்படியே உருட்டலாம். 5 வயதுக்குள் டிக்கெட்டும் இல்லை.

சரி, என்ன மிச்சம் வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை முழுவதும் சயின்ஸ் அண்ட் இண்டஸ்ட்ரி மியூசியம். உன் ஷீட்டில் அதற்கு 50 நிமிஷம் போட்டிருக்கிறாய்! மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் பக்கத்தில் 31 வருஷம் நின்றவனுக்கு 50 நிமிஷமா? அங்கே பழைய நூற்பு எந்திரங்களையும் தறிகளையும் ஓட்டிக் காட்டுகிறார்கள். எந்த நேரத்தில் ஓட்டுகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடு, மற்ற எல்லாம் அதைச் சுற்றி நகரட்டும். பழங்காலக் கட்டடங்கள் என்பதால் சிலதை அவ்வப்போது பழுதுபார்க்க மூடிவிடுவார்கள், எவை திறந்திருக்கின்றன என்றும் பார்த்துக்கொள். அனுமதி இலவசம். இலவசம் என்றால் இன்னொரு வசதியும் உண்டு, நடுவில் வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போகலாம், உள்ளே பாத்ரூமும் இருக்கும். அம்மாவைத் தைரியமாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லலாம்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பாய். உங்கம்மா அதே மில்லில் நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங்கில் இருந்தவள் என்பது உனக்குத் தெரியும். அந்தச் சத்தத்தில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. உதட்டைப் பெரிதாக அசைத்துத்தான் பேசுவோம். தெருவின் அந்தக் கோடியிலிருந்து அவள் வாயை மட்டும் அசைத்தால், இங்கிருந்து நான் "அரிசி இருக்கு, வாங்க வேண்டாம்" என்று பதில் சொல்வேனே. சின்ன வயதில் நீ அதைப் பார்த்துப் பேய் என்று பயந்து அழுதாய். இப்போது படித்தால், மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயர் தறிக்கூடங்களிலும் இதையேதான் செய்திருக்கிறார்கள். 'மீ-மாவிங்' என்று அதற்குப் பெயரே இருந்திருக்கிறது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பெண்கள் சத்தமில்லாமல் ஊர்க்கதை பேசுவார்களாம். உங்கம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணுங்களுக்கும் காது போயிருக்கும்" என்றாள். என் இடது காதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அதனால் எந்திரம் ஓடும்போது அவள் பக்கத்தில் நான் நிற்கிறேன். நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். குட்டிக்குக் காதை மூடும் கவசம் ஒன்று வாங்கிவிடு, நிஜமாகவே சத்தம் பலமாக இருக்கும்.

மாப்பிள்ளைக்கும் அங்கே வேலை இருக்கிறது. நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு ஓட்டிய உலகின் முதல் கணினியை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில்தான் செய்தார்கள். 'பேபி' என்று பெயர். 1948 ஜூன் 21 அன்று ஒரே ஒரு கணக்குக்காக 52 நிமிஷம் ஓடியிருக்கிறது. அதைப் போலவே திரும்பச் செய்த ஒன்றை அந்த மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே என் பிழைப்பும் அவர் பிழைப்பும். யாழினிக்கு ரயில். 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே ஓட ஆரம்பித்த ரயிலின் நிலையம் அந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது. உலகில் இன்றும் நிற்கிற பயணிகள் நிலையங்களில் அதுதான் மிகப் பழையதாம்.

மத்தியானம் அறைக்குத் திரும்பித் தூங்க வேண்டும். ஷீட்டில் 'ரெஸ்ட்' என்று 30 நிமிஷம் இருந்தது, அதை இரண்டரை மணி நேரமாக மாற்றிவிட்டேன். தூக்கம் வராதவர்கள் வெளியே போகலாம், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

சாயங்காலம் காஸில்பீல்டில் அந்த இரும்புப் பாலம். 1892இல் சரக்கு ரயிலுக்காகக் கட்டியது, 1969இல் மூடிவிட்டார்கள். பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் சும்மா துருப்பிடித்துக் கிடந்ததை 2022இல் பழைய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு எடுத்துச் செடி வைத்து, மேலே தோட்டம் ஆக்கியிருக்கிறது. பக்கத்து டிராம் நிறுத்தத்தில் லிஃப்ட் இருக்கிறது. மூடும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள். கீழே ஓடுவது பிரிட்ஜ்வாட்டர் கால்வாய். 1761இல் அதில் நிலக்கரிப் படகு வர ஆரம்பித்ததும் ஊரில் கரி விலை பாதியாகிவிட்டதாம். அங்கே வேறொன்றும் செய்ய வேண்டாம். உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தால் போதும்.

ஞாயிறு காலை ஜான் ரைலண்ட்ஸ் நூலகம், ஆனால் ஞாயிறில் திறக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிடு. பஞ்சு வியாபாரத்தில் கொழித்தவர் நினைவாக அவர் மனைவி கட்டி 1900இல் திறந்தது. உள்ளே போனால் கோயிலுக்குள் போன மாதிரி சத்தம் அடங்கிவிடும் என்கிறார்கள். பக்கத்துச் சதுக்கத்தில் லிங்கன் சிலை ஒன்று நிற்கிறது. அமெரிக்க லிங்கனுக்கு இங்கே என்ன வேலை என்று யாழினி கேட்பாள், சொல்லி வை. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்து பஞ்சு வரத்து நின்றது. மில்கள் மூடின, ஜனங்கள் பட்டினி. அப்படியும் மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூட்டம் போட்டு, அடிமை முறைக்கு எதிராக லிங்கன் பக்கம் நின்றார்கள். 1863இல் அவர் நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். அந்தப் பஞ்சத்தில் நம் நாட்டுச் சூரத் பஞ்சை இறக்கினார்கள், தொழிலாளிகள் திட்டித் தீர்த்தார்களாம். திட்டாமல் என்ன செய்வார்கள்? குட்டை இழைப் பஞ்சு, நிமிஷத்துக்கு ஒருமுறை இழை அறும். கூலியோ ஓடின நூல் அளவுக்குத்தான்.

அப்புறம் ராயல் எக்ஸ்சேஞ்ச். இப்போது நாடக அரங்கம், ஒரு காலத்தில் உலகத்துப் பஞ்சு விலையே பேசிய இடம். 1968இல் வியாபாரம் முடிந்த கடைசி நாளின் விலைப்பலகையை அழிக்காமல் சுவரில் அப்படியே விட்டிருக்கிறார்கள். நம் மில்லை மூடியபோது டைம் ஆபீஸ் சுவரில் அந்த மாதத்து ஷிப்ட் சார்ட் ரொம்ப நாள் தொங்கியது. அதில் என் பெயர் 'பி' ஷிப்டில் இருந்தது. அந்தப் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அரங்கம் மாடியில் இருக்கிறது, ஞாயிறில் திறந்திருக்குமா, லிஃப்ட் எந்த வாசலில் என்று முன்கூட்டியே கேள்.

நீ போடாத இரண்டை நான் சேர்த்திருக்கிறேன். கதீட்ரல் வாசலில் 2019இல் வைத்த காந்தி சிலை ஒன்று. 1931இல் அவர் லங்காஷயருக்குப் போனார். அந்நியத் துணி மறுப்பால் வேலை போன ஊர் அது. அங்கே மில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கைதூக்கிச் சிரிக்கிற போட்டோவை நீயும் பார்த்திருப்பாய். உங்கம்மாவை அந்தச் சிலை பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடு. இன்னொன்று, மாப்பிள்ளைக்கு ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம். அவர் வாய் திறந்து கேட்க மாட்டார். ஞாயிறு காலை யாழினியைக் கூட்டிக்கொண்டு அவர் தனியாகப் போய் வரட்டும். நூலகத்தில் அவளை அடக்கி உட்கார வைப்பதைவிட அது எவ்வளவோ மேல், லிங்கன் கதையை ரயிலில் சொல்லிக்கொள்ளலாம். எல்லாரும் எல்லா நேரமும் ஒட்டிக்கொண்டு திரிந்தால் சண்டைதான் வரும். ஆனால் அந்த வாரம் ஊரில் மேட்ச் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேதி முடிவு செய். மேட்ச் இருந்தால் ஹோட்டல் வாடகை எகிறிவிடும், டிராமிலும் ஏற முடியாது.

அடித்ததில் மனசு கேட்காமல் அடித்தது குவாரி பேங்க் மில். 1784இல் கட்டிய பஞ்சாலை, தண்ணீர்ச் சக்கரம், தறிகள் எல்லாம் இருக்கின்றன. அநாதைப் பிள்ளைகளைக் கூட்டி வந்து தங்க வைத்து வேலை வாங்கிய வீட்டையும் காட்டுகிறார்கள். ஆனால் ஊருக்கு வெளியே பள்ளத்தில் இருக்கிறது, சரிவில் ஏறி இறங்க வேண்டும். இரண்டு நாளில் அதையும் திணித்தால் அம்மாவின் கால் தாங்காது. யாழினிக்குப் பத்து வயது ஆகட்டும், எந்திரத்துக்கு அடியில் தவழ்ந்து பஞ்சு பொறுக்கிய பிள்ளைகள் ஏறக்குறைய அந்த வயது என்று அப்போது சொன்னால் உறைக்கும்.

பீட்டர்லூ நினைவிடத்தையும் அடித்தேன், வேறு காரணம். ஓட்டுரிமை கேட்டு 1819இல் கூடிய கூட்டத்தின் மேல் குதிரைப்படையை ஏவினார்கள். அதன் நினைவாக 2019இல் வட்ட வட்டமாகப் படிக்கட்டு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஏறி மேலே நிற்கத்தான் அந்த அமைப்பே. வீல்சேரில் வருகிறவர் ஏற முடியாது என்று அப்போதே பெரிய சண்டை நடந்திருக்கிறது. எல்லாருக்கும் சம உரிமை கேட்டவர்களுக்கு இப்படி ஒரு மேடை! வழியில் பட்டால் கீழே நின்று பார்த்துக்கொள்வோம்.

தங்குவதற்கு சமையல் மேடை உள்ள அபார்ட்மென்ட் ஹோட்டலாகப் பார். குட்டிக்குப் பால் காய்ச்ச வேண்டும், அம்மாவுக்கு விடியற்காலையில் காபி இல்லாவிட்டால் தலைவலி. நகர மையத்தில் பல விடுதிகளில் அறைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சின்னதாகத் தனிக் கட்டணம் போடுகிறார்கள், பில்லில் பார்த்து மாப்பிள்ளை பதற வேண்டாம். அதைவிட முக்கியம் குளியலறை. தொட்டிக்குள் கால் தூக்கி வைத்து இறங்குகிற மாதிரி இருந்தால் வேண்டாம், தரையோடு தரையாக ஷவர் இருக்க வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன் குளியலறைப் படத்தைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு.

மழை பெய்யும் என்று நீ கவலைப்பட்டு எழுதியிருந்தாய். பெய்யட்டும் கண்ணு. காற்றில் ஈரம் இருக்கிற ஊர் என்பதும் அங்கே நூற்பு தழைத்ததற்கு ஒரு காரணம். காய்ந்த காற்றில் இழை நிற்காது. நாங்கள் எந்திரம் வைத்துத் தண்ணீர் தெளித்த வேலையை அந்த ஊருக்கு வானமே செய்திருக்கிறது. குடை வேண்டாம், தள்ளுவண்டி பிடிக்கக் கை வேண்டும். எல்லாருக்கும் தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்து வை.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஒட்டுவதற்குள் உங்கம்மா வாங்கிப் படித்துவிட்டாள். கால் வீங்கியதையும் வீல்சேரையும் எழுதின இடங்களை அடிக்கச் சொன்னாள். நான் அடிக்கவில்லை. மடக்கு ஸ்டூல் யாருக்கு என்று அவளுக்குப் போன வாரமே தெரியுமாம்.