ஊசியைப் பற்றிப் பேசும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெதர்லாந்து, பெல்ஜியம், கனடா நாடுகளில் இருப்பதுபோல, தீராத நோயில் கிடப்பவர் கேட்டால் மருத்துவரே ஊசி மருந்து கொடுத்து உயிரை முடித்துவைக்க இங்கேயும் சட்டம் வேண்டும் என்று தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் வேலூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டுரையாளரின் இரக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நம் பக்கத்து ஏழைபாழைகளுக்கு ஆஸ்பத்திரிச் சாவு எப்படி வருகிறது என்பதை அவர் கிட்ட இருந்து பார்த்ததில்லை என்றே தோன்றுகிறது. உயிரைக் கொடுத்தவன்தான் எடுக்க வேண்டும் என்று வாதாட நான் வரவில்லை. அப்படிப் பேசுகிறவர்கள்கூடத் தங்கள் வீட்டில் ஒருவர் கிடந்தால் வேறு மாதிரி பேசுவார்கள்.

வென்டிலேட்டரில் ஒரு வாரம், பத்து நாள் ஓடியிருக்கும். மகனோ மருமகனோ வராண்டாவில் தனியாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், நீங்க உண்மையச் சொல்லுங்க, பொழப்பாரா?" என்று கேட்பார். நகை அதற்குள் அடகுக்கடைக்குப் போயிருக்கும். காப்பீட்டு அட்டையில் இருந்த பணமும் தீர்ந்திருக்கும். மருத்துவர் ஆலோசனையை மீறி அழைத்துப் போகிறோம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார்கள். ஆம்புலன்சில் ஒரு பையன், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே போவான். பேரணாம்பட்டோ ஒடுகத்தூரோ, வீட்டு வாசலில் பாய் விரித்துத் தயாராக இருக்கும். சொந்தக்காரர்கள் முகம் பார்த்ததும் பையை அமுக்குவதை நிறுத்திக் குழாயை உருவிவிடுவார்கள். மூச்சு முட்டாமல் இருக்க ஒரு மருந்து உண்டா? கிடையாது. மருத்துவர் பக்கத்தில் இல்லை. கிடப்பவரின் விருப்பத்தை யாரும் கேட்டதும் இல்லை. முடிவெடுத்தது பில்.

வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து காந்தி ரோடு லாட்ஜுகளில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள் பாடு இதைவிடக் கஷ்டம். உயிரோடு காட்பாடியில் ரயில் ஏற்றினால் ஆகும் செலவு ஒன்று, பிணமாகக் கொண்டுபோனால் ஆகும் செலவு வேறு. அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் சிலர் டிஸ்சார்ஜ் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

இந்த நிலையில் புதிதாக ஊசிச் சட்டம் எதற்கு? இருக்கிற சட்டமே இன்னும் ஊருக்குள் வரவில்லை. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும், உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குள் வரும் என்று தீர்ப்பளித்துவிட்டது. இனி மீளவே முடியாது என்றால் எனக்குச் செயற்கை சுவாசம் வேண்டாம் என்று நல்ல நினைவு இருக்கும்போதே எழுதி வைக்கலாம். இதுதான் முன்விருப்ப ஆவணம். முதலில் மாஜிஸ்திரேட் முன்னால் போக வேண்டும் என்று இருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி கையெழுத்துப் போதும் என்றார்கள். அந்த நிலை வந்தால், சிகிச்சை தரும் மருத்துவரும் இருக்கிற ஒரு மருத்துவக் குழு நோயாளியைப் பார்க்கும். அப்புறம் இரண்டாவது குழு ஒன்று பார்க்கும். கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்துவிட்டுக் கருவியை எடுக்கலாம். எழுதி வைக்காதவர்களுக்கும் குடும்பத்தார் சம்மதத்தோடு இந்த வழி உண்டு. ஊசி போட்டுச் சாகடிப்பது மட்டும் இன்றைக்கும் குற்றம்தான்.

நானும் எனக்காக ஒன்று எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினேன். அதன் நகலை உள்ளாட்சி அமைப்பில் இதற்கென்று நியமித்த அலுவலரிடம் கொடுத்து வைக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. அலுவலகத்துக்குப் போனேன் (எந்த ஊர் என்று சொல்லவில்லை). "உயிலா? பத்திர ஆபீசுக்குப் போங்கம்மா" என்றார் ஒருவர். இன்னொருவர் பிறப்பு இறப்புப் பிரிவைக் கை காட்டினார். அங்கே இருந்த பெண் மட்டும் பொறுமையாக முழுவதையும் படித்துப் பார்த்துவிட்டு, "செத்தப்புறம்தானேம்மா எங்ககிட்ட வருவாங்க?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைப் பற்றிச் சுற்றறிக்கை எதையும் அவள் பார்த்ததே இல்லையாம். அவள்மேல் என்ன தப்பு?

1973இல் தாக்கப்பட்டு, நினைவிழந்து படுக்கையில் கிடந்த மும்பைச் செவிலியர் அருணா ஷான்பாக்கைக் கட்டுரையாளர் உதாரணம் காட்டுகிறார். 2011இல் அவரைக் கருணைக்கொலை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தில் நின்றவர்கள் மும்பை கே.இ.எம். மருத்துவமனைக்காரர்கள். 1973 முதல் 2015இல் நிமோனியாவில் போகும்வரை அங்கே செவிலியர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு வருஷம் படுத்துக் கிடந்தவருக்குப் படுக்கைப்புண் வராமல் பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எங்களுக்குத்தான் தெரியும். அதற்காக அவர்கள் சொன்னதை எல்லாம் நான் ஏற்கவில்லை. அருணா என்ன விரும்பியிருப்பார் என்பதை அவர்களாலும் சொல்ல முடியாது. அதனால்தான் முன்கூட்டியே எழுதி வையுங்கள் என்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு கூப்பிட்ட வீடுகளுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு வந்தேன். அதில் பீடி சுற்றிப் பிழைத்த ஒரு அம்மா. வெற்றிலையோடு புகையிலை அடக்கிய பழக்கம், கன்னத்தில் புற்றுநோய், சதை அழுகி ஓட்டையே விழுந்துவிட்டது. "இன்னாத்துக்கு சிஸ்டர் இந்த உசுரு? ஒரு ஊசி போட்டு அனுப்பிடேன்" என்பார். வலி ஒரு பக்கம். அதைவிட அவரை வாட்டியது நாற்றம். கட்டிலைப் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள், பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கமே வருவதில்லை. மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் நாற்றம் பெரும்பாலும் அடங்கும். விலை ஒன்றும் பெரிதில்லை. கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒன்றாகக் கொடுத்தோம். மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மாத்திரை கொடுக்க வேண்டும், இதை மறந்தால் நோயாளி மார்ஃபினையே வேண்டாம் என்பார். கட்டில் முன் அறைக்கு வந்தது. அதற்கு அப்புறமும் கஷ்டமான ராத்திரிகளில் ஊசி கேட்டார்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடிந்தால் அந்தப் பேச்சு இருக்காது.

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மருந்தை நோயாளி தானே சாப்பிட்டு உயிரை முடித்துக்கொள்ள விடும் சட்டம் 1997 முதல் நடப்பில் இருக்கிறது. ஏன் மருந்து கேட்டார்கள் என்று அந்த அரசே வருஷா வருஷம் அறிக்கை போடுகிறது. முதல் காரணம் வலியாக இருக்கும் என்று நாம் நினைப்போம். ஆனால் தன் காரியத்தைத் தானே பார்க்க முடியவில்லை, பிடித்ததைச் செய்ய முடியவில்லை, மரியாதை போய்விட்டது என்பவைதான் அதில் முன்னால் நிற்கின்றன. குடும்பத்துக்குப் பாரம் என்று சொல்பவர்களும் கணிசமாக உண்டு.

எனக்குப் பயம் இந்தக் கடைசிக் காரணத்தில்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் காய்ச்சலுக்கு ஊசி போடவே "உங்களுக்கு எதுக்குப்பா செலவு" என்பவர்கள். தென் மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியே முதியவர்களை முடித்த கதைகள் வெளியே வந்தன. எங்கள் பக்கம் அந்தப் பெயர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு கிழவி ஊசி வேண்டும் என்று கைநாட்டு வைத்தால், அது யாருடைய விருப்பம் என்று எந்த மருத்துவர் கண்டுபிடிப்பார்? சங்ககால மன்னன் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை, அதாவது உண்ணாமல் இருந்து உயிர்விட்டதை, கட்டுரையாளர் பெருமையாகச் சொல்கிறார். அவன் வடக்கிருந்ததே பெற்ற பிள்ளைகளோடு வந்த பகையால்தான் என்பதை அவர் விட்டுவிட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நினைவு தெளிவாக இருந்து, உடம்பு மட்டும் ஒவ்வொரு தசையாகச் செயலிழந்துகொண்டே போகும் நரம்பு நோய் உண்டு. அப்படி ஒருவர், பணக் கஷ்டமும் இல்லாமல், நன்றாக யோசித்து, எனக்கு இது போதும் என்றால் அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அவருக்காக ஒரு நாள் சட்டம் வரலாம். அதற்கு முன்னால் நடக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

தங்களிடம் இரண்டு கோரிக்கைகள். 2023 தீர்ப்பின்படி முன்விருப்ப ஆவணத்தின் மாதிரி ஒன்றை எளிய தமிழில், வெட்டி எடுத்து நிரப்பும்படி, ஒரு முழுப் பக்கத்துக்குப் போடுங்கள். அப்புறம், தங்கள் நிருபர் ஒருவரை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்ட அரசு மருத்துவமனைகளுக்கும் அனுப்பி, மார்ஃபின் மாத்திரை இன்றைக்கு எங்கெங்கே கையிருப்பில் இருக்கிறது, எழுதிக்கொடுக்கப் பயிற்சி பெற்ற மருத்துவர் யார் இருக்கிறார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் சேவையும் உண்டு. அது எந்தெந்தக் கிராமத்துக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்பதையும் அவர் கேட்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
வேலூர் மாவட்டம்