அரிவாளை வாங்கிய ஐயாவுக்கு நன்றி

போன ஐப்பசியில், கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் பன்னீர்த் திராட்சைப் பந்தலோரம் மொபெட்டை நிறுத்திய ஐயாவுக்கு இந்த நன்றி. பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

ரசாயன மருந்தைக் கைவிட்ட முதல் வருடம். அடைமழையில் இலைகளின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூசணம் படர்ந்துவிட்டது. பூசணத்தைத் தடுக்க, மயில்துத்தமும் (செம்பு கலந்த நீல உப்பு) சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை தயாரிக்க உட்கார்ந்தவன், துத்தக் கரைசலில் சுண்ணாம்பைக் கொட்டப் போனேன்.

"தம்பி, மாத்தி ஊத்துறியே!"

சுண்ணாம்புப் பாலில்தான் துத்தத்தை மெதுவாக ஊற்ற வேண்டுமாம். நூறு லிட்டருக்கு இரண்டும் ஒவ்வொரு கிலோ. அப்புறம் தீட்டிய அரிவாளை வாங்கி முனையைக் கலவையில் முக்கினீர்கள்; செம்புநிறம் ஏறியிருந்தது. "இலை கருகிடும், இன்னும் சுண்ணாம்பு போடு." துடைத்துத் துடைத்து முக்கியதில், மூன்றாவது தடவை அரிவாள் பளிச்சென்று வந்தது.

பிரான்சில், போர்டோ பகுதியின் ஒயின் தோட்டங்களில், வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்கத் தெளித்த கலவையாம் இது. நோயையும் தடுக்கிறது என்று பிரெஞ்சுத் தாவரவியலாளர் மில்லார்டே 1885-இல் எழுதினார். எங்களுக்கோ வழிப்போக்கர்தான் காப்பாற்றிக் கொடுத்தார்!

தையில் முதல் பெட்டியை உங்களுக்கென்று எடுத்து வைத்தோம். நாலு நாள் பார்த்துவிட்டு அம்மா சாறு பிழிந்துவிட்டார். அடுத்த அறுப்புக்காவது வண்டியை நிறுத்துங்கள், ஐயா.