ஆயிரம் வருஷத்துக்கு அரைப் பக்கமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில், மேற்கத்திய ஓவிய வரலாற்றுத் தொடரில் ஒரு வரி: “இடைக்கால ஓவியர்களுக்கு மனித உடலை வரையத் தெரியவில்லை. நல்லவேளை, மறுமலர்ச்சி வந்து காப்பாற்றியது.” எழுதியவர் இடைக்கால (ஐரோப்பாவில் சுமார் 5 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை) ஓவியம் ஒன்றையாவது நேரில் பார்த்திருப்பார் என்று நம்ப எனக்கும் ஆசைதான். கட்டுரை அதற்கு இடம் தரவில்லை.

மகள் லண்டனில் இருப்பதால் நேஷனல் கேலரிக்குப் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கே வில்டன் டிப்டிக் என்று ஓர் இரட்டைப் பலகை ஓவியம் இருக்கிறது. 1395-க்கும் 1399-க்கும் இடையில் வரைந்தது என்கிறார்கள். வரைந்தவர் யாரென்று தெரியாது. இடப் பலகையில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் மண்டியிட்டிருக்கிறார், பின்னால் மூன்று புனிதர்கள். வலப் பலகையில் குழந்தையுடன் மாதா, சுற்றிலும் நீல உடையில் பதினொரு தேவதைகள். அத்தனை பேர் மார்பிலும் அரசரின் வெள்ளை மான் சின்னம்! சொர்க்கத்தையே தன் கட்சியில் சேர்த்துக்கொண்ட ராஜா. ஒரு கொடிக்கம்பத்தின் உச்சியில் சுண்டுவிரல் நக அளவில் ஓர் உருண்டை. அதற்குள் ஒரு தீவு, வெள்ளைக் கோட்டை, பாய் விரித்த கப்பல். 1990களில் சுத்தம் செய்து ஆராய்ந்தபோதுதான் அது கண்டுபிடிக்கப்பட்டது. இதை வரைந்தவருக்குத்தான் வரையத் தெரியவில்லையாம்.

நான் கல்யாணத்துக்கு முன்பே தஞ்சாவூர் ஓவியம் கற்றவள். மக்கு என்ற பசையால் புடைப்பு வைத்து, ரேக்கு என்ற தங்கத் தாள் ஒட்டிப் பழகிய கை. நம் ரேக்கைக் கத்தரிக்கோலால் வெட்டலாம். அவர்கள் பயன்படுத்திய தங்கத் தகடு மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடும். அடியில் செங்களிமண் பூசி, தகட்டைப் படியவைத்து, நாய்ப்பல்லாலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்து மெருகேற்றி, அப்புறம் சிறு ஆணியால் புள்ளி புள்ளியாகத் தட்டுவார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்தப் புள்ளிகள் மினுக்கும். வண்ணம் முட்டை மஞ்சள் கருவில் குழைத்தது. நீலத்துக்கான கல் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையிலிருந்து வந்தாக வேண்டும். புத்தகம் போல மடித்துக் கையோடு கொண்டுபோய், ராஜா பிரார்த்தனை செய்யும் இடத்தில் விரித்து வைப்பதற்காகச் செய்த பொருள் இது. தேவதையின் தோள் எலும்பு சரியாக விழுந்ததா என்று அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? மடித்தால் வெளிப்பக்கத்தில் ஒரு வெள்ளை மான், புல்லிலும் பூவிலும் படுத்திருக்கிறது. அதன் உடம்பைப் பார்த்துவிட்டு உங்கள் கட்டுரையாளர் மறுபடி எழுதட்டும்.

இந்த ஏளனம் அவருடைய சொந்தச் சரக்கும் இல்லை. ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய இத்தாலிய ஓவியர் வசாரி 1550-இல் கிளப்பிவிட்டது. பிளாரன்ஸ் பிரபுவுக்கே அந்தப் புத்தகத்தைக் காணிக்கையாக்கியவர், பிளாரன்ஸ்காரர்கள் வந்துதான் ஓவியம் உயிர்பெற்றது என்று எழுதினார். எழுதாமல் என்ன செய்வார்? எண்ணெய் வண்ணத்தை 15-ஆம் நூற்றாண்டு ஃபிளாண்டர்ஸ் ஓவியர் யான் வான் ஐக் கண்டுபிடித்தார் என்பதும் அவர் பரப்பிய கதை. அதையும் உங்கள் தொடர் அப்படியே ஒப்பித்தது. ஆளி விதை எண்ணெயில் வண்ணம் குழைப்பதை 12-ஆம் நூற்றாண்டிலேயே தியோஃபிலஸ் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா?

வான் ஐக் என்றதும் நினைவுக்கு வருகிறது. அவருடைய அர்னோல்ஃபினி தம்பதி படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டீர்கள், மகிழ்ச்சி. இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிட்டீர்கள். பின்சுவரில் கண்ணாடிக்கு மேலே ஓவியரின் கையெழுத்தும் 1434 என்ற வருஷமும் இடவலம் மாறிப் போனதை அலுவலகத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. அப்போதே எழுதினேன். அந்த வாரம் கடிதப் பகுதியில் வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்ற விவாதம் நடந்துகொண்டிருந்ததால் என் கடிதத்துக்கு இடமில்லை போலும்.

17-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஆர்டமீசியா ஜென்டிலெஸ்கியைப் பற்றி எழுதியபோது, அவரைப் பலாத்காரம் செய்தவன் மீது நடந்த 1612 வழக்கு மட்டும் ஒரு முழுப் பத்தி. எதிரித் தளபதியின் தலையை வெட்டும் யூதித்தை அந்தப் பெண்மணி எப்படி வரைந்தார், அந்தக் கைகளில் எவ்வளவு பலம் என்று ஒரு வரி உண்டா? வான்கோ என்றால் அறுத்துக்கொண்ட காது. நவீன ஓவியம் என்றால் வாழைப்பழம். இத்தாலியக் கலைஞர் கட்டெலான் சுவரில் டேப் போட்டு ஒட்டிய பழம் 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனதும், வாங்கியவர் அதைத் தின்றதும் இரண்டு முழுப் பக்கம். இடைக்காலத்தின் ஆயிரம் வருஷத்துக்கு அரைப் பக்கம், அதிலும் பாதி பல்பொடி விளம்பரம். நவீன ஓவியர்களே இடைக்கால மரபைத் தேடிப் போனவர்கள் என்பது அந்த இரண்டு பக்கத்தில் வந்திருக்கலாம். 1911-இல் மாஸ்கோ போன பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், அங்கே பழைய தேவாலயப் பலகை ஓவியங்களைப் பார்த்துச் சொக்கிப்போனார்.

சரி, தொடரை நிறுத்தச் சொல்லவில்லை. வேண்டுவது ஒன்றுதான். வில்டன் பலகை ஒவ்வொன்றும் அரை மீட்டர் உயரம்தான். பிக்காசோவின் குவெர்னிகா கிட்டத்தட்ட எட்டு மீட்டர் அகலம். உங்கள் பத்திரிகையில் இரண்டும் தீப்பெட்டி அளவில் வருகின்றன. படத்தின் கீழே அளவு, எதன் மேல் எதைக்கொண்டு வரைந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று போடுங்கள். ஓவியர் பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்றே போடுங்கள். இரண்டு வரிதான் பிடிக்கும். இடமில்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியை எடுத்துவிடலாம். என்னுடையது மீனம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
கும்பகோணம்