தையல் பிரித்த பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 14, உலக நீரிழிவு நாளையொட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை படித்தேன். சர்க்கரை நோயாளிகள் காலைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று விளக்கமாக இருந்தது. காலை எடுத்துவிட்டு வீடு திரும்பியவர்களைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை.

போன வருடம் என் அண்ணனுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இன்சுலின் அளவு இருந்தது, தையல் பிரிக்கும் தேதி இருந்தது. அவ்வளவுதான். வலிக்குமே என்று அம்மா முட்டிக்கு அடியில் ஒரு தலையணை வைத்தார். இரண்டு மாதம் அந்தத் தலையணை அங்கேயே கிடந்தது. செயற்கைக் கால் செய்யப் போனால், அளவெடுப்பவர் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மடங்கியபடியே இறுகிடுச்சே, முதல்ல இதை நீட்டிட்டு வாங்க” என்றார். தலையணை வைக்கக் கூடாது, அடிக்கடி குப்புறப் படுக்க வேண்டும், கிரேப் பேண்டேஜை, அதாவது இழுத்தால் நீளும் கட்டுத்துணியை, வெட்டிய காலின் நுனியில் இறுக்கி மேலே போகப் போகத் தளர்த்திச் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் அன்றுதான் எங்களுக்குத் தெரியும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார் என்பதும் பக்கத்துத் தெருக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. திட்டம் 2021 ஆகஸ்ட்டிலிருந்தே இருக்கிறது!

இரவில் இல்லாத பெருவிரல் எரிகிறது என்பார் அண்ணன். அம்மா பயந்துபோய் மந்திரிக்க அழைத்துப் போனார். வெட்டுப்பட்ட நரம்பும் மூளையும் செய்கிற வேலை அது, பலருக்கும் வருவதுதான் என்று வார்டிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

கழிப்பறைக்கு அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு வைத்தோம். வாசலின் மூன்று படிக்குத்தான் வழியில்லை. விசாரிக்க வந்த உறவினர்களோ, அண்ணன் எதிரிலேயே, “இனி இவரை யார் பார்த்துக்குவா?” என்று அண்ணியிடம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

வேலையும் போயிற்று. அரசு ஊழியர் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியானால் அவரை நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அண்ணன் தனியார் கம்பெனி வேன் ஓட்டியவர். அந்தப் பிரிவு அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. காலை எடுத்தவர்களை வீட்டுக்கு அனுப்பும் முன், கூட இருப்பவருக்குப் பேண்டேஜ் சுற்றக் கற்றுக்கொடுங்கள். எப்படிப் படுக்க வேண்டும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் செயற்கைக் காலுக்கும் எங்கே போக வேண்டும் என்று தமிழில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுங்கள்.

போன வாரம் எங்கள் தெருவில் இன்னொருவர் காலை எடுத்துவிட்டு வந்திருக்கிறார். அண்ணன் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு பார்க்கப் போனார். நலம் விசாரிப்பதற்கு முன்னால் அவர் செய்த முதல் வேலை, முட்டிக்கு அடியிலிருந்த தலையணையை உருவி எடுத்ததுதான்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
விருதுநகர் மாவட்டம்