காலி என்று காட்டினாலும் மை இருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குப் பிரிண்டர் வாங்குவது பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உபயோகமான விஷயங்கள் நிறையவே இருந்தன, ஆனால் ரீஃபில் பற்றி எழுதிய இடத்தில் மட்டும் மனசு ஒப்பவில்லை. கார்ட்ரிட்ஜில் (பிரிண்டருக்குள் மாட்டும் மைப்பெட்டியில்) மை நிரப்பினாலும் கணினி 'காலி' என்றேதான் காட்டும், ஆகவே ரீஃபில் வீண், புதிது வாங்குவதே நல்லது என்று எழுதியிருந்தீர்கள். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி தவறு, அந்தத் தவறால் வாசகர்களின் பணம் வீணாகும். மன்னார்குடியில் 14 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், சிரிஞ்சு பிடித்து மை நிரப்பாத வாரமே கிடையாது, அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு அம்மா வந்தார். பிள்ளைக்கு ப்ராஜெக்ட், திரையில் கலர் காலி என்று வந்துவிட்டது, உடனே பஸ் ஏறித் தஞ்சாவூர் போய்ப் புது கார்ட்ரிட்ஜ் வாங்கிக்கொண்டு, அதை மாட்டத் தெரியாமல் என்னிடம் வந்திருந்தார். பழையது எங்கே என்று கேட்டேன், குப்பைக்கூடையில் என்றார். எடுத்து வரச்சொல்லி, அதன் ஹெட்டை, அதாவது மை வெளியே வருகிற அடிப்பக்கத்தை, ஈரமான டிஷ்யூ பேப்பரில் ஒற்றிப் பார்த்தால் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றும் பளிச்சென்று பட்டை பட்டையாக வந்தன. அதையே திரும்ப மாட்டினோம், அவர் பிள்ளையின் ப்ராஜெக்ட் முழுக்க அதிலேயே முடிந்தது. புதிதைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இது ஏன் நடக்கிறது என்று வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். கருப்பு ஒன்று, கலர் ஒன்று என்று இரண்டே கார்ட்ரிட்ஜ் போடுகிற சாதாரண வீட்டுப் பிரிண்டர்களில், உள்ளே எவ்வளவு மை இருக்கிறது என்று பார்க்க எந்தக் கருவியும் இல்லை. உள்ளே இருப்பது மை ஊறிய ஸ்பாஞ்சுதான். ஹெட்டிலிருந்து எத்தனை துளி வெளியே போனது என்று பிரிண்டர் எண்ணிக்கொண்டே வருகிறது, ஒரு துளி சில பிகோலிட்டர்தான், அதாவது ஒரு மில்லியை நூறு கோடியாகப் பிரித்தால் வருகிற பங்கில் சில. ஹெட் கிளீனிங் செய்தால் அதற்கும் ஒரு கணக்கு கழித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் இவ்வளவு இருந்தது, இவ்வளவு போனது, ஆகவே மிச்சம் இவ்வளவு என்று போடுகிற கூட்டல் கழித்தல்தான் திரையில் மை அளவு காட்டும் அந்த அளவுக்கோடு. நீங்கள் சிரிஞ்சால் மை ஏற்றியது அந்தக் கணக்குக்குத் தெரியவே தெரியாது. (தனித்தனி டேங்க் வைத்த சில கேனன் மாடல்களில் அடியில் ஒரு பிரிசம் இருக்கும், ஒளியை வைத்து மை தீர்ந்ததா என்று பார்க்கும். அது வேறு வகை.)

ஆகவே ரீஃபில் செய்தபின் 'காலி' என்று வந்தால் பயப்பட எதுவும் இல்லை. கேனன் பிக்ஸ்மாவில் 1688 அல்லது 1686 என்று வரும், சின்னத் திரை உள்ளவற்றில் ஈ16, ஈ13 என்று வரும். ஸ்டாப் பட்டனை 5 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அச்சடிக்க ஆரம்பித்துவிடும். எச்பியில் பெரும்பாலும் ஓகே அல்லது கன்டினியூ கொடுத்தாலே போதும். அதற்கப்புறம் அளவுக்கோடு வேலை செய்யாது, அவ்வளவுதான். நான் சமையல் தராசு ஒன்றை வைத்திருக்கிறேன். நிரப்பும் முன் ஒருமுறை, நிரப்பிய பின் ஒருமுறை எடை போட்டுக் கார்ட்ரிட்ஜ் மேலேயே எழுதிவைத்துவிடுவேன். மை கிட்டத்தட்ட ஒரு மில்லிக்கு ஒரு கிராம், ஆகவே எடை குறைவதைப் பார்த்தாலே மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். திரையில் வருகிற கோட்டைவிட இதைத்தான் நம்புகிறேன்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எழுத்து மங்கிய பிறகும் இன்னும் நாலு பக்கம், இன்னும் நாலு பக்கம் என்று ஓட்டாதீர்கள். எச்பி, கேனன் இரண்டிலும் ஹெட்டுக்குள் நுண்ணிய ஹீட்டர்கள் மையைச் சூடாக்கிக் குமிழி உண்டாக்கித்தான் துளியை வெளியே தள்ளுகின்றன. அந்தச் சூட்டைத் தணிப்பதும் அதே மைதான். மை இல்லாமல் ஓட்டினால் ஹீட்டர் கருகிவிடும், பிறகு எவ்வளவு மை ஊற்றினாலும் கோடு கோடாகத்தான் வரும். ரீஃபில் சரியில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கொண்டுவருவது இப்படிக் கருகிய கார்ட்ரிட்ஜைத்தான். எப்சனில் இந்தச் சூடு கிடையாது, அங்கே பீசோ முறை, அதாவது மின்சாரம் பட்டால் நெளிகிற ஒரு பகுதி துளியைத் தள்ளும், ஆனால் ஹெட் பிரிண்டரோடு சேர்ந்தே இருப்பதால் காய்ந்து அடைத்துக்கொண்டால் செலவு பெரிது.

நிரப்பும்போது அவசரமே கூடாது. சின்னக் கலர் கார்ட்ரிட்ஜில் ஒரு நிறத்துக்கு 2 மில்லியே தாராளம். ஊசியை ஸ்பாஞ்சுக்குள் இறக்கி, சொட்டுச் சொட்டாக, ஒரு நிமிடமாவது எடுத்துக்கொண்டு ஏற்ற வேண்டும், வேகமாக அழுத்தினால் காற்று மாட்டிக்கொள்ளும். எந்த ஓட்டை எந்த நிறம் என்று ஸ்டிக்கரைப் பார்த்து ஊகிக்காதீர்கள், பல்குச்சியை விட்டு எடுத்தால் நுனியில் நிறம் தெரியும். நிரப்பியபின் மேல் ஓட்டையை டேப் போட்டு இறுக்கி அடைத்துவிடுகிறார்கள், அது கூடாது, காற்று உள்ளே போகாவிட்டால் மை கீழே இறங்காது. கேனனில் பிஜி என்று தொடங்கும் கருப்புக் கார்ட்ரிட்ஜில் இருப்பது பிக்மென்ட் மை (நுண்ணிய நிறத்தூள் கலந்தது), சிஎல் என்று தொடங்கும் கலரில் இருப்பது டை மை (நிறம் கரைந்தது). கருப்பில் டை மையை ஊற்றினால் தண்ணீர் பட்டதும் எழுத்து கரையும், இரண்டையும் கலந்தால் திரிந்து ஹெட்டை அடைக்கவும் செய்யும். மை வாங்கும்போது கடைக்காரரிடம் எந்த வகை என்று கேட்டே வாங்குங்கள்.

நிரப்பியும் அச்சு வரவில்லையா, முதலில் டிஷ்யூவில் ஒற்றுங்கள். டிஷ்யூவில் நிறம் நன்றாக வந்து பேப்பரில் வரவில்லை என்றால் செம்புத் தொடுமுனைகளைத் துடைத்துப் பாருங்கள், அதற்கும் வரவில்லை என்றால் ஹெட் கருகியிருக்கும். டிஷ்யூவிலேயே மங்கல் என்றால் அடைப்போ காற்றோ, வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு மில்லிமீட்டர் உயரம் ஊற்றிய தட்டில் ஹெட்டை ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, நன்றாக ஒற்றிவிட்டுப் போடுங்கள். அதை விட்டுவிட்டு ஹெட் கிளீனிங்கைப் பத்து முறை கொடுத்தால் நீங்கள் ஊற்றிய மை முழுக்கப் பிரிண்டருக்குள் இருக்கிற கழிவுப் பஞ்சுக்குத்தான் போகும், அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டால் பிரிண்டரே நின்றுவிடும்.

'ரீஃபில் போட முடியாதபடி கம்பெனி பூட்டிவிட்டதாமே' என்று கேட்கிறவர்களும் உண்டு. 2016 செப்டம்பர் 13 அன்று உலகம் முழுக்கப் பல எச்பி ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் வேறு கம்பெனி சிப் (கார்ட்ரிட்ஜைப் பிரிண்டருக்கு அடையாளம் காட்டும் சின்ன மின்சில்லு) வைத்த கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதம் எச்பி மன்னிப்புக் கேட்டது. ஆனால் எச்பியின் சொந்த சிப் உள்ள கார்ட்ரிட்ஜில் மை நிரப்பினால் தடை இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள், நாங்கள் கடையில் செய்வது அதைத்தான். அப்புறம் 2022 ஜனவரியில் சிப் தட்டுப்பாடு வந்தபோது கேனன் தன் ஜெராக்ஸ் மெஷின்களுக்கு சிப் இல்லாத டோனரையே (மைப்பொடிப் பெட்டியையே) அனுப்பிவிட்டு, எச்சரிக்கை வந்தால் மூடிவிட்டு வேலையைத் தொடருங்கள், அச்சுத் தரத்தில் குறை இருக்காது, அளவு காட்டுவது மட்டும் சரியாக இருக்காது என்று ஜெர்மனி வாடிக்கையாளர்களுக்கு எழுதியது. டோனர் வேறு, மை வேறு, ஆனாலும் அளவு காட்டுவதும் அச்சடிப்பதும் தனித்தனி விஷயம் என்பதைத் தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டார்கள் அல்லவா!

அந்த அளவுக்கோட்டின் கீழே 'இது மதிப்பீடு மட்டுமே, அச்சு மங்கும் வரை மாற்ற வேண்டாம்' என்று தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போட வேண்டும் என்பதுதான் என் ஆசை. கம்பெனிகள் செய்கிற வரைக்கும் உங்களைப் போன்ற பத்திரிகைகளாவது சொல்ல வேண்டும். அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தமும், டிஷ்யூவில் ஒற்றிப் பார்க்கிற முறையையும் போடுங்கள். பள்ளிகளில் ப்ராஜெக்ட் கேட்கிற நேரம் இது, கொஞ்சம் சீக்கிரம் வந்தால் நிறையப் பெற்றோருக்கு உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்,
மன்னார்குடி