கணினியில் ஸ்ப்ரே (தெளிப்பு) சிமுலேஷன் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு

சூடான காற்றில் நீர்த்துளி ஆவியாவதைக் கணக்கிடுபவர்கள், துல்லியம் கூடும் என்று நாசில் அருகே மெஷ்ஷை (காற்றுவெளியைச் சிறு செல்களாகப் பிரிக்கும் கணக்கு வலையை) இஷ்டத்துக்குப் பொடியாக்க வேண்டாம். துளிகளின் பாதையைக் காற்றுக்குள் பின்தொடரும் இந்த முறையில் துளி வெறும் புள்ளிதான். செல் அகலம் துளி விட்டத்தைப் போல் 10 மடங்காவது இருக்கட்டும். சின்ன செல்லில் பார்சல்கள் (ஒரே மாதிரியான பல துளிகளுக்குப் பதிலாக நிற்கும் கணக்குப் புள்ளிகள்) குவிந்தால் அங்குள்ள காற்று குளிர்ந்து, ஆவி நிறைவுற்று, ஆவியாதல் பொய்யாக நின்றுவிடும். பார்சல் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் இது தீராது.

துளியைச் சுற்றிய வாயுப் படலத்துக்கு 1/3 விதி, அதாவது துளிப்பரப்பு வெப்பநிலையோடு, காற்றுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுவது: காற்று 400 கெல்வின், துளிப்பரப்பு 310 என்றால், பண்புகளை 340-இல் எடுங்கள். 400-இலேயே எடுப்பதுதான் வழக்கமான கோளாறு.

சராசரி விட்டம் ஒன்றை மட்டும் கொடுக்காதீர்கள், ரோசின்-ராம்லர் பரவல் (எந்த அளவுத் துளி எவ்வளவு என்று சொல்லும் சூத்திரம்) கொடுங்கள். துளி ஆவியாகி முடியும் வரையான ஆயுள், விட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது: 20 மைக்ரான் துளியைவிட 100 மைக்ரான் துளிக்குச் சுமார் 25 மடங்கு. சுவரை நனைப்பவை அந்தப் பெருந்துளிகளே.