பரிசைப் பிரித்த மறுநாளை யோசித்து வாங்கு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நண்பன் மகளுக்கு இரண்டு வயது நிறைகிறது, என்ன வாங்கலாம் என்று கேட்டு மூன்று படங்கள் அனுப்பியிருந்தாய். மூன்றுமே பேட்டரி போட்டால் பாடுபவை. ஒற்றை வார்த்தையில் வேண்டாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பரிசைப் பிரிக்கிற அந்த ஐந்து நிமிடம் பெரியவர்களுக்கானது. சுற்றி நின்று கை தட்டுவோம், படம் எடுப்போம். குழந்தையின் கணக்கு மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. பொத்தானை அமுக்கினால் ஒரு பாட்டு. திரும்ப அமுக்கினால் திரும்ப அதே பாட்டு. அதற்கு மேல் அவள் செய்ய அதில் ஒன்றுமில்லை. வீட்டில் இருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றி ஒளித்து வைக்கிற நாளும் சீக்கிரமே வந்துவிடும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 10 முதல் 16 மாதம் வரையிலான 26 குழந்தைகள் பெற்றோருடன் வீட்டில் விளையாடும்போது நடந்த பேச்சைப் பதிவு செய்தார்கள். ஒலி எழுப்பும் மின்னணு பொம்மை கையில் இருந்தபோது பெற்றோர் பேசிய சொற்கள் குறைந்தன. புத்தகமோ சாதாரணக் கட்டையோ இருந்தபோது அதிகம் பேசினார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் பாலர் பள்ளியில் நான் கண்டதும் இதுவே. பொம்மை பேச ஆரம்பித்தால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம்.

சரி, இந்த வயதுப் பிள்ளைக்கு என்னதான் பிடிக்கும்? எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். மூடியில் பிளவு வெட்டிய ஒரு டப்பா, கொஞ்சம் துணி கிளிப்புகள், அவ்வளவுதான் அவள் விளையாட்டு. ஒரு கிளிப்பைக் குறுக்கே வைத்து அழுத்துவாள், போகாது. மணிக்கட்டைத் திருப்புவாள், உள்ளே விழுந்து 'டக்' என்று சத்தம் வரும். உடனே டப்பாவில் காதை வைத்துப் பார்ப்பாள். எல்லாம் உள்ளே போனதும் டப்பாவை என் மடியில் வைத்துவிட்டு நிற்பாள். திறந்து கொடுத்தால் கொட்டிவிட்டு, மூடியை மட்டும் என் கையில் திணிப்பாள், மூடித் தரச் சொல்லி. போடுவது, காணாமல் போவது, திரும்ப வருவது, தன்னால் ஆகாததற்கு ஆள் பிடிப்பது என்று ஒரு டப்பாவுக்குள் எவ்வளவு வேலை பார்!

என்னைக் கேட்டால் அடுக்கி விளையாடும் மரக்கட்டைகள் வாங்கு. கிண்டர்கார்டன் என்ற பெயரை 1840-இல் சூட்டிய ஜெர்மானியர் ஃப்ரோபெல், குழந்தைகளுக்கென வரிசையாகச் சில விளையாட்டுப் பொருள்களை வகுத்தார். அதில் மூன்றாவது, ஒரே அளவான எட்டுச் சின்னக் கனசதுரங்கள். சேர்த்தால் ஒரு பெரிய கனசதுரம். அந்த யோசனை இன்னும் பழசாகவில்லை. இரண்டு வயதில் அவள் கட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள், வரிசையாக அடுக்குவாள், இடிப்பாள். மூன்றில் இரண்டு கட்டைக்கு மேல் ஒன்றை வைத்துப் பாலம் கட்டுவாள். நான்கில் சுற்றிலும் சுவர் எழுப்பி, இது ஆஸ்பத்திரி, நீதான் நோயாளி என்பாள். பொம்மை மாறுவதில்லை, பிள்ளைதான் மாறுகிறாள்.

வீட்டில் ஏற்கெனவே கட்டைகள் இருக்கின்றனவா என்று அவள் அம்மாவிடம் கேட்டுவிடு. இருந்தால் அதே அளவில் இன்னும் கொஞ்சம் வாங்கலாம். கட்டை எப்போதும் பற்றாக்குறைதான். அல்லது ஒரு கெட்டி அட்டைப் புத்தகம், தள்ளிக்கொண்டு போக ஒரு வண்டி. பெண் குழந்தைக்கு எதற்கு வண்டி என்று யாராவது கேட்டால் காதில் வாங்காதே. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகாதே. 2018-இல் 36 குழந்தைகளைக் கவனித்த இன்னொரு ஆய்வில், முன்னால் 16 பொம்மை கிடந்தபோது தாவித் தாவிப் போனவர்கள், 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதங்களில் விளையாடினார்கள்.

இனி கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்வேன். பெட்டியில் '3 வயதுக்கு மேல்' என்று இருந்தால், இவள் கெட்டிக்காரி, சமாளிப்பாள் என்று வாங்காதே. அது பெரும்பாலும் புத்திக்கான கணக்கு அல்ல, தொண்டைக்கான கணக்கு. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மையில் சின்னத் துண்டு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் கூடாது. டாய்லெட் பேப்பரின் உள்குழல் அதைவிடக் கொஞ்சம் அகலம். அதில் நுழைகிற எதையும் ஒதுக்கிவிட்டால் நல்லது.

அதைவிட பயம், சட்டைப் பொத்தான் போலச் சின்னதாக வட்டமாக இருக்கும் பொத்தான் பேட்டரிதான். விழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டே மணி நேரத்தில் கடுமையாக அரித்துவிடும். பேட்டரி உள்ள எதை வாங்கினாலும் அந்த மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும், நகத்தால் திறக்கக்கூடாது. காந்தக் குண்டுகள் இந்த வீட்டுப் பக்கமே போக வேண்டாம். இரண்டு உள்ளே போனால் குடலின் மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துத் துளை போட்டுவிடும். பலூன் கட்டினால் உடைந்த துண்டுகளை அப்போதே பொறுக்கச் சொல்.

கட்டை வந்த அட்டைப்பெட்டியையும் அங்கேயே விட்டுவிட்டு வா. அமெரிக்காவில் ராச்சஸ்டர் நகரில் உள்ள விளையாட்டு அருங்காட்சியகம், சிறந்த பொம்மைகளின் கௌரவப் பட்டியலில் 2005-இல் அட்டைப்பெட்டியைச் சேர்த்தது. 2008-இல் வெறும் குச்சியை!

கொடுத்த கையோடு உட்கார்ந்து கோபுரம் கட்டிக் காட்டாதே, உனக்கு அந்த ஆசை வரும். தரையில் உட்கார். அவள் ஒரு கட்டையைக் கொடுத்தால் வாங்கிக்கொள், திரும்பக் கேட்டால் கொடு. அப்புறம், ரசீதை நண்பனிடம் மறக்காமல் கொடுத்துவிடு. வேறு யாராவது இதையே வாங்கி வந்திருந்தால் மாற்றிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அக்கா